ஒற்றைக் குரலும் பல்குரலும்: போன்ஹோபரின் இசை நட்பு

டீட்ரிக் போன்ஹோபரின் சிறைக் கடிதங்களைக் கையிலெடுக்கும் இறையியல் மாணவர் பெரும்பாலும் 1944 ஏப்ரல் 30ஆம் நாளுக்குரிய கடிதத்தைத் தேடியே பக்கங்களைப் புரட்டுகிறார். மதமற்ற கிறிஸ்தவம் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. நாம் கண்ட நூலகப் பிரதிகளில் அந்தப் பக்கமும் அதனை அடுத்த பக்கங்களும் மூன்று நான்கு தலைமுறை மாணவரின் அடிக்கோடுகளால் கறுத்துப் போயிருக்கின்றன. அதே நூலில் ஐந்து கோடுகளின்மேல் இசைக்குறிப்புகள் அச்சிடப்பட்ட பக்கமும் உண்டு. அது மட்டும் புதுப் பக்கம்போல் வெண்மையாய்க் கிடக்கிறது. இசையைப் பற்றிய வரிகளை, சிறையிலிருப்பவர் பொழுதைப் போக்க எழுதியவை என்று எண்ணி நாம் தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

அவ்வாறு தாண்டுவது தவறு என்பது எமது கருத்து. போன்ஹோபருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் இடையே கைமாறிய பாடல்களைப் பின்தொடர்ந்து சென்றால், அவருடைய இறையியலில் தீராதிருந்த ஒரு முரண்பாட்டின் வாசலுக்கே வந்து சேர்கிறோம். அந்த முரண்பாடு அவருடையது மட்டுமன்று. வாரந்தோறும் சபையைப் பாடவைக்கும் பொறுப்பிலுள்ள நமக்கும் அதில் பங்குண்டு.

இளமையில் போன்ஹோபர் பியானோ வாசிப்பதில் பெருந்திறன் காட்டினார். மகன் இசையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளக்கூடும் என்று பெற்றோர் கருதி, லியோனிட் கிராய்ட்சர் என்னும் பெயர்பெற்ற பியானோ கலைஞரிடம் அவரை வாசித்துக் காட்டச் செய்ததும் உண்டு. சிறுவர் இறையியலைத் தெரிந்துகொண்டார்; ஆயினும் பெர்லினிலிருந்த அவர்கள் இல்லத்தில் சனிக்கிழமை மாலைகள் இசைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. பதினெட்டு வயதில், ஹார்னாக்கின் கருத்தரங்கில் தம் முதற் கட்டுரை பாராட்டப்பெற்ற மகிழ்ச்சியோடு இசையரங்கினுள் நுழைந்தபோது பாக்கின் பி மைனர் திருப்பலி இசையின் மாபெரும் கீரியே தொடங்கியதையும், அந்நொடியில் மற்றனைத்தும் மறைந்து போனதையும் 1943 நவம்பரில் சிறையிலிருந்து பெற்றோருக்கு நினைவுபடுத்தி எழுதுகிறார். ஹார்னாக்கின் பாராட்டையே மறக்கடித்த கீரியே! கற்றவர் வீட்டின் இசை அது: பாக், பேத்தோவன், பிராம்ஸ், சோப்பன். அந்த வீட்டு எல்லைக்கு வெளியே இருந்த இசையெல்லாம் அவருக்கு நண்பர் வழியாகவே வந்து சேர்ந்தது.

முதலாவது வந்தது நியூயார்க்கில். 1930-31ஆம் கல்வியாண்டில் யூனியன் இறையியல் கல்லூரியில் பயில வந்த இந்த இருபத்துநான்கு வயதுக் கலாநிதிக்கு அமெரிக்க மறையுரைகள் ஏமாற்றமளித்தன. நற்செய்தியைத் தவிர மற்றெல்லாவற்றையும் கேட்க முடிகிறது என்னும் பொருள்பட அவர் அறிக்கை எழுதினார். உடன் பயின்ற பிராங்க் பிஷர் என்னும் கறுப்பின மாணவர்தாம் அவரை ஹார்லெமிலுள்ள அபிசீனியன் பாப்திஸ்து ஆலயத்திற்கு அழைத்துச் சென்றார். மூத்தவரான ஆடம் கிளேட்டன் பவல் அங்கே போதகராயிருந்தார். போன்ஹோபர் விருந்தினராக எட்டிப் பார்த்துத் திரும்பிவிடவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மாதக்கணக்கில் அந்தச் சபையோடு பாடினார். அடிமைகளின் மக்கள் பாடிய ஆன்மிகப் பாடல்கள் அவரைப் பற்றிக்கொண்டன. அவை அடங்கிய கிராமபோன் இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்து, ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்.

இந்த இசைத்தட்டுகளைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். இறையியலாளர் ஒருவர் அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்தவற்றைப் பட்டியலிடும்போது நாம் நூல்களையே எண்ணுகிறோம். நீபுரின் வகுப்புக் குறிப்புகள், வில்லியம் ஜேம்ஸின் நூல்கள் ஆகியவற்றையெல்லாம் ஆய்வாளர் எண்ணிவிட்டனர். ஆயினும் 1935இல் போன்ஹோபர் தம் மாணவருக்கு அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சரக்காகக் கொடுத்தவை அந்தக் கறுத்த வட்டத்தட்டுகளே. அறிவுக்கு அளித்த கொடை என்பதைவிட, கேட்டுப் பாருங்கள் என்று நண்பர்முன் வைத்த கொடை என்பதே பொருந்தும். எமக்குப் பிடித்த பாட்டு இது, உமக்கும் பிடிக்கிறதா பாரும் என்று ஒருவர் இன்னொருவருக்குப் பாடலை நீட்டும்போது, நீட்டுகிறவர் தம்மையே சற்றுத் திறந்து காட்டிவிடுகிறார். பிடிக்கவில்லை என்ற விடைக்கும் இடம் கொடுத்துவிடுகிறார். மறையுரையில் நாம் அவ்வாறு இடம் கொடுப்பதில்லை.

அந்த மாணவர் இருந்த இடம் பிங்கன்வால்டே. ஸ்டெட்டின் நகரையடுத்த சிற்றூர்; இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. அறிக்கையிடும் திருச்சபையின் குருத்துவக் கல்லூரி 1935 ஏப்ரலில் பால்டிக் கரையிலுள்ள சிங்ஸ்டில் தொடங்கி, கோடையில் இங்கே குடியேறியது. 1937 செப்டம்பர் முடிவில் இரகசியக் காவல்துறை அதனை மூடி முத்திரையிட்டது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் அங்கே காலையும் மாலையும் சங்கீதங்கள் வாசிக்கப்பட்டன, பாமாலைகள் பாடப்பட்டன. ஓய்வு வேளையில் பியானோ ஒலித்தது. சில மாலைகளில் ஹார்லெமின் பாடல்களும் சுழன்றன. அந்த ஆண்டு எது என்பதை மறந்துவிடலாகாது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் பிறந்தன. அக்டோபரில் கறுப்பினத்தவரின் ஜாஸ் இசை ஜெர்மன் வானொலியில் தடைசெய்யப்பட்டது. ஆன்மிகப் பாடல் ஜாஸ் அன்று என்பது உண்மையே. எனினும் கறுப்பினத்தவரின் தொண்டையிலிருந்து எழும் ஒலி இழிவு என்று அரசே அறிவித்துக்கொண்டிருந்த நாட்டில், பொமரேனியாவின் மூலையொன்றில் இருபத்துச் சொச்சம் இளம் குருமாணவர் அதனை அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர்.

முதல் வகுப்பு மாணவருள் எபர்ஹார்ட் பெத்கே ஒருவர். மாக்டபர்க் பகுதிக் கிராமத்துப் போதகரின் மகன். ஆசிரியருக்கு இருபத்தொன்பது வயது, மாணவருக்கு இருபத்தைந்து. இவர் வழியாக இரண்டாவது கொடை எதிர்த்திசையில் வந்தது. பெர்லின் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குப் பெரிதும் பழக்கமில்லாத பதினேழாம் நூற்றாண்டுத் திருச்சபை இசையை, குறிப்பாக ஹைன்ரிக் ஷூட்ஸை, இந்தக் கிராமத்து மாணவரே அறிமுகப்படுத்தினார். பெத்கே பாடுவார், போன்ஹோபர் பியானோவில் துணை வாசிப்பார். அவர்கள் பெரிதும் விரும்பியவை ஷூட்ஸ் 1636இலும் 1639இலும் வெளியிட்ட சிறு ஆவிக்குரிய இசைப்பாக்கள். முப்பதாண்டுப் போர் டிரெஸ்டன் அரசவை ஆலயத்தின் பாடகர் குழுவைச் சிதைத்துவிட்டிருந்தது. பல பாடகரும் கருவிகளும் வேண்டிய பெரும் இசைக்கு ஆளில்லை. ஒன்று முதல் ஐந்து குரல்களும் ஓர் ஆர்கன் துணையும் போதும் என்னும் அளவில் ஷூட்ஸ் தம் இசையைச் சுருக்கிக்கொண்டார். இழப்பின் அளவுக்குத் தைத்த ஆடை அது. மூடப்படப்போகும் கல்லூரியில் இரு நண்பர்கள் அதனைத் தேர்ந்துகொண்டது தற்செயலாயினும் பொருத்தமே.

இனி முரண்பாட்டுக்கு வருவோம். கல்லூரி மூடப்பட்ட மறு ஆண்டு, 1938 இலையுதிர் காலத்தில், கெட்டிங்கனிலிருந்த சகோதரி சபீனாவின் வீட்டில் அமர்ந்து போன்ஹோபர் நான்கே வாரங்களில் ஒரு சிறு நூலை எழுதி முடித்தார். யூத வமிசத்தவரான கணவரோடு சபீனா அப்போதுதான் நாட்டைவிட்டுத் தப்பியிருந்தார்; வீடு வெறுமையாயிருந்தது. பெத்கேயும் உடனிருந்தார். 1939இல் வெளிவந்த 'ஒன்றித்த வாழ்வு' என்னும் அந்நூல் பிங்கன்வால்டே வாழ்வின் சாரம். அதில் சபை சேர்ந்து பாடுவதைப் பற்றிச் சில பக்கங்கள் உள்ளன. அன்பும் பணிவும் நிறைந்த நூலில் அப்பக்கங்கள் மட்டும் வியப்பூட்டும் கடுமை உடையவை.

கிறிஸ்தவர் கூடும்போது ஏன் பாடுகிறார்கள் என்று அவர் கேட்கிறார். ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லவும் மன்றாடவும் பாட்டு இடம் தருகிறது என்பது அவர் விடை. ஆகவே இசை முழுவதும் வார்த்தைக்குப் பணிவிடை செய்யவேண்டும். ஆகவே சபையின் பாட்டு ஒற்றைக் குரலாயிருக்கவேண்டும். இதற்குப் பகைவர் யார் யார் என்று அவர் அடையாளமும் காட்டுகிறார். ஒற்றை மெட்டு வறுமையாயிருக்கிறது என்றெண்ணித் தாமாகவே இரண்டாம் குரலை இட்டு நிரப்புகிறவர்; தம் குரலின் ஆழத்தை எல்லாரும் அறியவேண்டும் என்று விரும்பும் பேஸ் அல்லது ஆல்ட்டோ பாடகர்; நெஞ்சை நிமிர்த்தித் தனியே அதிரப் பாடுகிறவர். இவர்களெல்லாரும் வார்த்தையைவிட்டுத் தம்மை முன்னிறுத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பாடத் தெரியாது என்று வாய்மூடி நிற்கிறவரையும், மனம் சரியில்லை என்று ஒதுங்குகிறவரையும் அவர் விட்டுவைக்கவில்லை; ஆனால் அவர்களை அத்துணை ஆபத்தானவராகக் கருதவில்லை. ஒற்றைக் குரலில் பாடும்போது பாடுவது நான் அன்று, திருச்சபையே என்பது அவர் நிலைநாட்ட விரும்பும் உண்மை.

நம் பாடகர் குழுக்களை அறிந்த எந்த ஆயரும் இப்பகுதியைச் சிரிப்பின்றி வாசிக்க இயலாது. அந்த பேஸ் பாடகரை நாமும் அறிவோம். நன்றாகச் சொன்னார் என்று உடனே தலையசைக்கிறோம். ஆனால் தலையசைத்த பின்பு ஒரு கேள்வி எழுகிறது. ஹார்லெம் என்னாயிற்று?

அபிசீனியன் ஆலயத்தில் போன்ஹோபர் கேட்ட பாட்டு எத்தகையது? ஒருவர் எடுத்துக் கொடுக்க, பலர் விடை சொல்லும் பாட்டு. கறுப்பினச் சபைகளின் பாட்டில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே இரண்டாம் குரலும் மூன்றாம் குரலும் தாமாகக் கிளைக்கின்றன. ஒருவர் குரல் உயர்ந்து அதிர்ந்தால் மற்றவர் அதனை ஆமோதித்து ஏந்திக்கொள்கின்றனர். இசைத்தட்டுகளில் பதிவான ஆன்மிகப் பாடல்களும் பெரும்பாலும் அடுக்குக் குரல்களில் அமைந்தவையே. 'ஒன்றித்த வாழ்வு' விதிக்கும் சட்டத்தை வைத்து அளந்தால் அந்தச் சபை முழுவதும் ஒழுங்கு மீறியது. 1935இல் அந்த இசையை மாணவருக்குப் போட்டுக் காட்டியவரும் 1938இல் அந்தச் சட்டத்தை எழுதியவரும் ஒருவரே. எழுதும்போது அந்தப் பாடல்கள் அவர் செவியில் ஒலிக்கவில்லையோ?

அவர் ஹார்லெமை மறந்துவிட்டார் என்று சொல்லவும் முடியாது. 1939 கோடையில் மீண்டும் நியூயார்க் சென்று, பாதுகாப்பான வாழ்வை வேண்டாமென்று திரும்பி வந்தபின் அமெரிக்கத் திருச்சபைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அந்த ஆன்மிகப் பாடல்களைப் பெருமதிப்போடு குறிப்பிடுகிறார். ஆகவே ஒன்று தோன்றுகிறது. அவர் அந்த இசையை நேசித்தார். ஆனால் சபை எவ்வாறு பாடவேண்டும் என்று சட்டம் வகுக்கும்போது அதனிடமிருந்து ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. பிறருடைய பாட்டை விரும்பிக் கேட்பதும் அது நம் ஒழுங்கைத் திருத்த இடங்கொடுப்பதும் வெவ்வேறு. நண்பரிடமிருந்து பெற்ற பாடலை நாமும் பெரும்பாலும் முதல் வகையிலேயே வைத்திருக்கிறோம்.

இன்னொரு குறையையும் சுட்டவேண்டும். 1938இன் ஜெர்மனியில் ஒற்றைக் குரல் திருச்சபையின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. தீப்பந்த ஊர்வலங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே மெட்டை ஒரே வார்த்தையில் பாடினர். தனிக்குரல் அங்கேயும் அடங்கித்தான் போயிற்று. எந்த வார்த்தைக்கு அடங்குகிறது என்பதே வேறுபாடு என்று போன்ஹோபர் விடை சொல்லியிருப்பார். அது சரியான விடையே. ஆயினும் ஒருமித்த குரலுக்குள் பொய்யும் குடியேற முடியும் என்ற எச்சரிக்கையை அப்பக்கங்களில் நாம் காணவில்லை. நூலில் இல்லாத அந்த எச்சரிக்கை அவர் வாய்மொழியில் இருந்தது. யூதருக்காகக் கூக்குரல் எழுப்புகிறவருக்கு மட்டுமே கிரகோரியப் பாடல் பாட உரிமையுண்டு என்னும் பொருளில் அவர் கூறியது பெத்கேயின் நினைவு வழியாகவே நம்மிடம் வந்துள்ளது. அது அவருடைய எழுத்துகளில் இடம்பெறவில்லை. கிரகோரியப் பாடல் ஒற்றைக் குரல் இசையின் சிகரம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் நூலில் வகுத்த சட்டத்தை வாய்மொழியில் தாமே திருத்திக்கொண்டார் எனலாம்.

1943 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் கைதானார். டேகல் படைச்சிறையில் ஒன்றரை ஆண்டு. அங்கே சேர்ந்து பாட ஆளில்லை, பியானோ இல்லை. நண்பர் பெத்கே படைப்பணிக்கு அழைக்கப்பெற்று இத்தாலிக்குச் சென்றார். பாடல்கள் இனிக் கடிதங்களில்தாம் கைமாற முடியும். அக்கடிதங்களும் நல்லெண்ணங்கொண்ட காவலர் சிலரால் கள்ளத்தனமாக வெளியேறவேண்டியிருந்தன.

1943 திருவருகைக் காலத்தில் பால் கெர்ஹார்ட்டின் கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒன்றைப் பற்றி எழுதுகிறார். சிறுவயது முதல் தெரிந்த பாடல்தான். ஆனால் அதன் பொருள் இப்போதுதான் பிடிபட்டது என்கிறார். நெடுநாள் தனித்திருந்து தியானித்தால்தான் அது உள்ளே இறங்குமாம். சற்றுத் துறவியர் மடத்து வாசனை உண்டு, ஆனால் வேண்டிய அளவே என்று இலேசாகக் கிண்டலும் செய்கிறார். பிறகு, 'நாம்' என்பதன் அருகே 'நான்' என்பதும் கிறிஸ்துவும் என்று ஒன்று உண்டல்லவா என்கிறார். ஐந்தாண்டுகளுக்கு முன் பாடுவது நான் அன்று, திருச்சபையே என்று எழுதிய கை இது. தனித்திருக்க இயலாதவன் ஐக்கியத்தைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கட்டும் என்று அதே 'ஒன்றித்த வாழ்வு' நூலில் அவர் சொல்லியிருப்பதால் இது முழு மாற்றம் அன்று. ஆனால் பாடலைப் பற்றிய பக்கங்களில் நுழையாதிருந்த 'நான்' இப்போது நுழைந்துவிட்டது.

அதே திருவருகைக் காலத்தில்தான் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட இசைக்குறிப்பு வருகிறது. கடந்துபோனதைத் தேவன் மீண்டும் தேடுகிறார் என்னும் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்து வாக்கியத்தைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறார். இழந்தவை யாவும் கிறிஸ்துவில் மீட்டுக் கூட்டப்படும் என்ற எபேசியர் நிருபத்தின் உபதேசத்தையும் இரேனியுவையும் தொடுகிறார். அவ்விடத்தில் விளக்கத்தை நிறுத்திவிட்டு, பெத்கே பாடிய ஷூட்ஸின் இசைப்பா ஒன்றிலிருந்து ஏக்கம் நிறைந்த ஓர் அடியை, நினைவிலிருந்தே, சுரங்களோடு எழுதிக் காட்டுகிறார். மண்ணுலக விருப்பமெல்லாம் மீண்டும் தூய்மையாய்க் கொண்டுவரப்படுவது என்பது இதுதானே என்று கேட்கிறார். உபதேச நூலில் அடிக்குறிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு மெட்டு வருகிறது. அதன் பொருள் அறிய வாசகர் பாடத் தெரிந்தவராயிருக்கவேண்டும். அந்தப் பாட்டை முன்பு ஒருங்கே பாடியவராயிருந்தால் இன்னும் நலம். ஒரே ஒரு வாசகருக்காக எழுதப்பட்ட இறையியல் இது. பேத்தோவனின் ஓபஸ் 111 பியானோ இசைப்பாவின் மாறுபாட்டுப் பகுதியைத் தாம் உட்செவியாலேயே கேட்பதாகவும், அது நேரில் கேட்பதைவிடச் சிலவேளை அழகாயிருப்பதாகவும் 1944 மார்ச்சில் எழுதுகிறார். செவிடான பேத்தோவனின் இசை தமக்கு இப்போதுதான் விளங்குகிறது என்கிறார்.

பிறகு 1944 மே 20. முந்திய நாள்தான் விடுப்பில் வந்திருந்த பெத்கே சிறைக்கு வந்து பார்த்துச் சென்றிருந்தார். திருமணமாகி ஓராண்டு, மடியில் பச்சைக் குழந்தை, மறுபடியும் போர்முனைக்குப் போகவேண்டிய ஏக்கம். மனைவியை இவ்வளவு நேசிப்பது தேவனை நேசிப்பதற்கு இடையூறோ என்று இளம் போதகருக்கு எழும் கேள்வி. போன்ஹோபர் இசையிலிருந்து விடையளிக்கிறார். தேவனை முழு இருதயத்தோடு நேசிப்பது பல்குரல் இசையில் காண்டஸ் ஃபெர்முஸ் என்னும் நிலைப்பண் போன்றது. மண்ணுலக அன்பு அதனோடு இழையும் துணைப்பண். நிலைப்பண் தெளிவாயிருந்தால் துணைப்பண் எவ்வளவு வலிமையாகவும் விரியலாம். இரண்டும் பிரிக்கப்படாதவை, ஆயினும் வேறுவேறானவை. கல்சிதோன் பொதுச்சங்கம் கிறிஸ்துவின் இரு தன்மைகளைப் பற்றிச் சொன்னதுபோல. பல்குரல் இசை நம் மனத்துக்கு இத்துணை நெருக்கமாயிருப்பது அது இந்தக் கிறிஸ்தியல் உண்மையின் இசைவடிவம் என்பதனால்தானோ என்று வியக்கிறார்.

நம் வகுப்பறைகளில் இதனை விளக்கும்போது ஒரு பிழை நேர்கிறது. நிலைப்பண் என்பதைச் சுருதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மாணவருக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் தவறாக விளங்கிவிடுகிறது. சுருதி அசைவதில்லை. தம்பூராவோ சுருதிப் பெட்டியோ ஒரே நிலையில் ஒலித்துக்கொண்டிருக்க, பாட்டு அதன்மேல் நடக்கிறது. நிலைப்பண் அப்படியன்று, அதுவே ஒரு மெட்டு, நடந்து செல்வது, தொடக்கமும் முடிவும் உடையது. மற்றக் குரல்கள் அதன்மேல் நிற்கவில்லை, அதனோடு நடக்கின்றன. தேவனன்பைச் சுருதியாக்கிவிட்டால் அது பின்னணியாகிவிடும், நாளடைவில் செவியில் விழாமலே போகும். போன்ஹோபர் கருதியது கேட்கப்படும் ஒரு குரலை. நம் கீர்த்தனை மரபு ஒற்றை மெட்டின் மரபு. பல்குரல் இசை நமக்கு மேனாட்டுப் பாமாலைகளோடு வந்தது. ஆகவே இந்த உவமைக்கு நம் இசையில் நேரான ஒப்புமை இல்லை என்று ஒப்புக்கொண்டு, நான்கு மாணவரை எழுப்பி நான்கு குரலில் ஒரு பாமாலையைப் பாடவைத்து விளக்குவதே நேர்மை.

முன்சொன்ன முரண்பாடு இங்கே தீர்ந்துவிட்டதா? தீர்ந்தது என்று சொல்லுவோர் உண்டு: முன்னது சபையின் பாட்டைப் பற்றியது, பின்னது தனி மனிதனின் வாழ்வைப் பற்றியது, இரண்டும் வெவ்வேறு தளங்கள் என்பர். எமக்கு அது போதவில்லை. ஒரு மனிதனின் உள்ளே பல குரல்கள் வலிமையாய் விரியலாம், நிலைப்பண் தெளிவாயிருந்தால் போதும் என்றால், ஒரு சபையின் உள்ளே அதற்கு ஏன் தடை? ஹார்லெமில் நடந்தது அதுவே அன்றோ? வார்த்தை தெளிவாயிருந்தது, அதனைச் சுற்றி ஒவ்வொருவரும் தம் துயரத்தின் அளவுக்கு ஒரு குரலை எடுத்தனர். போன்ஹோபர் 1944இல் கண்டடைந்த உவமைக்கு வேண்டிய செவிப்பயிற்சியை பிஷர் 1930இலேயே அவருக்கு அளித்திருந்தார். ஆனால் அவர் பாக், ஷூட்ஸ் வழியாகவே அந்த உவமைக்கு வந்தார். ஹார்லெமின் பெயர் அக்கடிதத்தில் இல்லை. இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. சிறையறையில் இருந்தவரிடம் அடிக்குறிப்புக் கேட்பது நாகரிகமன்று. ஆயினும் அந்தக் கடன் கணக்கில் வரவில்லை என்பதைக் குறித்துவைப்பது திறனாய்வாளரின் வேலை.

பாடல்களை வாங்கியும் கொடுத்தும் வந்தவர் 1944 கோடையில் தாமே பாக்கள் எழுதத் தொடங்கினார். அவற்றை நண்பருக்கு அனுப்பும்போது அவருக்கிருந்த கூச்சம் இன்பமளிக்கிறது. விடுதலைப் பாதையின் படிகளைப் பற்றிய பாவை அனுப்பும்போது, இவை ஒரே மாலையில் எழுதியவை, செப்பமற்றவை, நான் கவிஞன் அல்லன் என்னும் பொருள்பட எழுதுகிறார். பெரும் இறையியலாளர், தம் பழைய மாணவர்முன் பாட்டுநோட்டை நீட்டி நிற்கும் காட்சி! பாக்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதையும் சொல்லவேண்டும். மோசேயின் மரணத்தைப் பற்றியது நீண்டு தளர்கிறது. 'கிறிஸ்தவரும் புறமதத்தவரும்' மூன்றே செய்யுள்களில் ஒரு வகுப்புப் பாடத்தை அடக்கிவிடுகிறது.

சபைகளின் வாயில் நிலைத்தது கடைசியாக எழுதியதே. 1944 அக்டோபரில் அவர் இரகசியக் காவல்துறையின் நிலவறைக்கு மாற்றப்பட்டார். டிசம்பர் 19ஆம் நாள், மணம் பேசப்பட்டிருந்த மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், அவருக்கும் பெற்றோர் உடன்பிறந்தாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்தாக ஏழு செய்யுள்களை வைத்து அனுப்பினார். நல்ல வல்லமைகளால் சூழப்பட்டிருப்பதைப் பற்றிய பா அது. 1959இல் ஓட்டோ ஆபெல் அதற்கு அடக்கமான மெட்டு ஒன்று அமைத்தார். 1970இல் சீக்பிரீட் பியட்ஸ் அமைத்த மெட்டு அதனை மக்களிடையே கொண்டுசென்றது. 1993ஆம் ஆண்டின் ஜெர்மன் சுவிசேஷப் பாடல்நூல் ஆபெலின் மெட்டையே 65ஆம் எண்ணில் வைத்துள்ளது. ஆனால் திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும் ஜெர்மானியர் விரும்பிக் கேட்பது பியட்ஸின் மெட்டு.

அது இனிய மெட்டுத்தான். ஆனால் பியட்ஸ், ஏழாம் செய்யுளைப் பல்லவியாக்கி ஒவ்வொரு செய்யுளுக்குப் பின்னும் திரும்பப் பாடவைக்கிறார். பிரெட் பிராட் கிரீன் 1972இல் செய்த ஆங்கில ஆக்கமோ அந்த ஏழாம் செய்யுளையே முதலில் வைத்துத் தொடங்குகிறது. பல்லவியில் தொடங்கிச் சரணந்தோறும் பல்லவிக்குத் திரும்பும் கீர்த்தனையில் வளர்ந்த நமக்கு இதில் குறையேதும் தோன்றாது. ஆனால் கீர்த்தனையின் பல்லவி, பாடுகிறவர் முதலிலேயே பற்றிக்கொண்ட அறிக்கை. இந்தப் பாவின் ஏழாம் செய்யுள் நடந்து சென்று சேர்ந்த இடம். முதற் செய்யுளில் 'நான் உங்களோடு' என்று தொடங்குகிறார். இரண்டாவதில் பழைய ஆண்டின் பாரம். மூன்றாவதில் விளிம்புவரை நிரம்பிய கசப்பான பாத்திரத்தை அந்த நல்ல கரத்திலிருந்து நடுக்கமின்றி வாங்கிக்கொள்வோம் என்னும் சொல். நான்காவதில் இன்னும் ஒருமுறை இவ்வுலகின் மகிழ்ச்சி கிடைத்தால் என்ற நம்பிக்கை. இவற்றையெல்லாம் கடந்த பின்னரே 'நாம்' அஞ்சாமல் வருவதை எதிர்நோக்கியிருக்கிறோம் என்று வருகிறது. பாத்திரத்தைக் கையில் வாங்குமுன்பே இரண்டுமுறை ஆறுதலைப் பாடிவிட்டால், பாத்திரம் எடையற்றுப் போகிறது. நாம் கலந்துகொண்ட ஓர் ஆண்டிறுதி ஆராதனையில் ஆங்கில வடிவம் கிதார் இசையோடு பாடப்பட்டது. நேரம் போதாமையால் பாத்திரத்தைப் பற்றிய செய்யுளை விட்டுவிட்டார்கள்.

ஆறாம் செய்யுளைப் பற்றியும் சொல்லவேண்டும். யாரும் அதிகம் பேசாத செய்யுள் அது. ஆழ்ந்த அமைதி சுற்றிலும் பரவும்போது, கண்காணாமல் நம்மைச் சுற்றி விரியும் உலகின் நிறைந்த ஓசையை, தேவனுடைய பிள்ளைகள் எல்லாருடைய உயர்ந்த துதிப்பாடலைக் கேட்கச் செய்யும் என்று வேண்டுகிறது. நிலவறையில் இருந்தவர் கேட்க விரும்பியது நிறைந்த ஓசை. எல்லாப் பிள்ளைகளின் பாட்டு. அதில் ஹார்லெமின் குரல்கள் இல்லாமலிருக்க முடியாது என்று நாம் எண்ணுகிறோம். இதனைத் தமிழில் பெயர்த்துப் பாட முயலுவோர் இச்செய்யுளுக்கு வரும்போது பாடுவதை நிறுத்தி, ஒருவர் மட்டும் வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டிருந்து, பின்பு ஏழாவதை முதன்முறையாக எடுக்கலாம். எத்தனை குரலில் எடுப்பது என்பதை அந்தச் சபையே தீர்மானித்துக்கொள்ளட்டும்.